காட்டுத்தீ அணைப்பதற்கும் படிப்பு இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து உங்கள் படிப்பு வழிகாட்டிப் பக்கங்களை விடாமல் படிக்கிறேன், எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுக்கிறேன். நர்சிங், அக்ரி, ஏஐ எல்லாம் வருகிறது, காட்டுத்தீ அணைக்கும் வேலை பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. வயலும் வாய்க்காலுமாக இருக்கிற திருவாரூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். ஏன், இங்கிருந்து கப்பல் வேலைக்குப் போகவில்லையா?

எங்கள் ஊரில் வைக்கோல் போர் பற்றிக்கொண்டால் மேலே தண்ணீரை ஊற்றிவிட்டு யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். துறட்டி போட்டு இழுத்து, பிரித்துப் பரப்பி, கை வைத்துச் சூடு பார்த்து மறுபடி நனைத்தால்தான் அடங்கும். காட்டிலும் அப்படித்தான், ஜுவாலை அடங்கிய பிறகு வேரையும் கட்டையையும் கிளறிப் புறங்கையால் சூடு பார்ப்பார்கள். ஆனால் வண்டி ஏறாத மலையில் தண்ணீருக்கு எங்கே போவது? சருகையும் புல்லையும் மண் தெரியும்வரை செதுக்கிக் கோடு போட்டு, தீக்குத் தீனி இல்லாமல் செய்ய வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது, காற்று திரும்பினால் எந்தப் பக்கம் தப்புவது என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை. சரிவில் தீ மேலே போகப் போக வேகம் பிடிக்கும், மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதால். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் தீயில் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது.

அமெரிக்காவில் தீ முனைக்குப் போகிறவர் சுமார் 20 கிலோ சுமையோடு 4.8 கிலோமீட்டரை 45 நிமிடத்தில் நடந்து காட்ட வேண்டும், ஓடக் கூடாது. ஐடஹோ பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே பட்டப்படிப்பு உண்டு. நம்மிடம் மேட்டுப்பாளையத்தில் வனக்கல்லூரி இருக்கிறது, நான்கு வருட வனவியல் படிப்பு. டேராடூனில் இருக்கும் இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோளில் தீயைக் கண்டுபிடித்து செல்போனுக்கே எச்சரிக்கை அனுப்புகிறது. சரி, எச்சரிக்கை வந்ததும் மலையேறுவது யார்? பல இடங்களில் கோடைக்கு மட்டும் கூலிக்கு எடுக்கப்படும் காவலர்கள்தான், பச்சைக் குழையை ஒடித்து அடித்தே தீயை அணைக்கிறார்கள். காற்றையும் சரிவையும் பார்த்த மாத்திரத்தில் கணிக்கிற அந்த மனிதர்களுக்கு ஒரு சான்றிதழும் நிரந்தர வேலையும் கொடுக்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

கவுன்சிலிங் தொடங்குவதற்குள் இதைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போடுங்கள். கல்லூரி, கட்டணம், தேர்வு விவரம் போதாது. தேனியிலோ நீலகிரியிலோ இருக்கும் உங்கள் நிருபர் அந்தக் காவலர்களில் ஒருவரோடு உட்கார்ந்து பேசட்டும். என்ன சம்பளம், தீக்குள் இறங்கும்போது காலில் என்ன போட்டிருக்கிறார் என்பதையும் எழுதட்டும்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி ஆசிரியர், நீடாமங்கலம்