ஐந்து நிமிட மழையை மீட்டுக் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள மழை நண்பர்களுக்கு,

கிடைத்துவிட்டது. செத்துப்போன பென்டிரைவில் இருந்த என் மொட்டை மாடி மழைக் கருவியின் பதிவுகள், வெள்ளம் வந்த 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் சேர்த்தே கிடைத்துவிட்டன. நேற்று ராத்திரி கை ஓடவில்லை, உங்களுக்கு ஒரு வரிதான் போட முடிந்தது. இன்றைக்குக் கொஞ்சம் நிதானத்துக்கு வந்திருக்கிறேன். பென்டிரைவ் செத்த கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு உங்களுக்கே காது புளித்துப்போயிருக்கும்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. "செருகிச் செருகிப் பார்த்து இருக்கிற உயிரையும் வாங்கிராதீரும், கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையும்" என்று அன்றைக்கே அதட்டிய கோவில்பட்டி அண்ணாச்சிக்கு. இணையத்துக்குப் போயிருந்த பழைய பதிவுகளை மாதம் மாதமாக இறக்கி, ஒரே கோப்பாகக் கோத்து அனுப்பிய நாகர்கோவில் தம்பிக்கு. பரீட்சைக்கு நடுவில் உட்கார்ந்து, உடைந்து கிடந்த எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளக் கோப்பிலிருந்து வரிசை வரிசையாகப் பதிவுகளைப் பொறுக்கி எடுத்த மதுரைத் தங்கச்சிக்கு. மீண்டு வந்த எண்கள் சரிதானா என்று பார்க்கத் தினசரி மழைக் கணக்கை எடுத்துக் கொடுத்தவருக்கு. எதுவும் செய்ய முடியாவிட்டாலும் என்னோடு சேர்ந்து அந்தப் பென்டிரைவைத் திட்டித் தீர்த்தவர்களுக்கும். அதுவும் உதவிதான், அன்றைக்கு அது தேவைப்பட்டது.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு, அரசாங்கக் கணக்குதான் இருக்கிறதே என்று வீட்டிலேயே கேட்டார்கள். இருக்கிறதுதான். காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69 செ.மீ. எங்கள் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகமான மழை ஒரே நாளில். ஆனால் அது காலை எட்டரையிலிருந்து மறுநாள் காலை எட்டரை வரைக்குமான ஒற்றை எண். எந்த மணிக்கு வலுத்தது, எப்போது கொஞ்சம் மூச்சு விட்டது, மறுபடி எப்போது பிடித்துக்கொண்டது என்பதையெல்லாம் அந்த எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. மொட்டை மாடியில் இருக்கும் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு வீதம் நாளொன்றுக்கு 288 பதிவு எழுதுகிறது. இணையத்தில் இருக்கும் பிரதியில் அந்த நாட்கள் மட்டும் வெறும் பள்ளம். கரண்டு போய், செல்போன் டவரும் போய், ஊரே துண்டித்துக் கிடந்தபோது சோலார் பேட்டரியில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி மட்டும் தன்பாட்டுக்குப் பென்டிரைவில் எழுதிக்கொண்டிருந்தது. கருவியின் எண்களைக் காட்டும் கன்சோலுக்குள் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் லாகர் ஒன்று உண்டு, அதில் 2560 பதிவுக்கு மேல் நிற்காது. ஒன்பது நாள்கூட ஆவதற்குள் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். ஆக, ஊரே மறக்க முடியாத அந்த மழைக்கு எங்கள் தெருவில் இருந்த ஒரே சாட்சி அந்தப் பதினாறு ஜிபி பென்டிரைவ்தான். ஓயாமல் எழுதினால் மெமரி கார்டு சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று பயந்து அதற்கு மாற்றியது வேறு கதை.

இனி, இந்தக் கடிதத்தை எழுத வைத்தவருக்கு வருகிறேன். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் செல்போன் பழுது பார்க்கும் தம்பி. கடை என்றால் ஒரு மேஜை, ஒரு மைக்ரோஸ்கோப், இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் ரோட்டில்தான் நிற்க வேண்டும். "டேட்டா எடுக்கதுலாம் பெரிய வேல அண்ணாச்சி, உறுதி சொல்ல மாட்டேன். ஆனா தொறந்து பாப்பம்" என்றார். பிளாஸ்டிக் ஓட்டைப் பிளந்து, மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார். வெள்ளியாக மின்னும் ஒரு சின்னத் தகரப் பெட்டி, அரிசிமணி அளவுகூட இருக்காது. கிரிஸ்டல் என்றார். சிப்புகளுக்கு நேரம் சொல்லித் தாளம் போடுவது அதுதான். அதன் ஒரு காலில் இருந்த ஈயத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். பிரஷ்ஷால் ஐபிஏ என்ற ஆல்கஹாலைத் தொட்டுச் சுத்தம் செய்துவிட்டு, புதிதாகச் சால்டர் வைத்தார்.

லேப்டாப்பில் செருகியதும் பென்டிரைவ் தெரிந்தது! கோவில்பட்டி அண்ணாச்சி சொல்லி அனுப்பியபடி அதிலிருந்த கோப்பு எதையும் தொடாமல், லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளைப் போட்டு முழுப் பென்டிரைவையும் அப்படியே பிரதி எடுக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரம் ஓடியது, அப்புறம் பென்டிரைவே காணாமல் போனது. கழற்றிச் செருகினால் வரும், மறுபடி போகும். தொட்டுப் பார்த்தால் கொதிக்கிறது. சூடு ஏறினால் சிப் கைவிட்டுவிடுகிறது. டிடிரெஸ்க்யூவில் ஒரு வசதி, எதுவரை படித்தோம் என்பதைத் தனிக் கோப்பில் குறித்துக்கொள்ளும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனாலும் அந்த வேகத்தில் போனால் விடிந்துவிடும்.

வேலை அதோடு முடிந்தது என்று அவர் சொல்லியிருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். சால்டர் வைக்கத்தானே கேட்டேன், வைத்துக் கொடுத்தாயிற்று. அவர் என்ன செய்தார் என்றால், பழைய மதர்போர்டு ஒன்றிலிருந்து சூட்டை இழுத்துக்கொள்ளும் அலுமினிய ஹீட் சிங்க்கைப் பிடுங்கி, அடியில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடு ஒட்டி, சிப் மேல் வைத்தார். கிளிப் போட்டு இறுக்கினால் புதுச் சால்டர் விட்டுவிடும். அதனால் கட்டைவிரலால் பட்டும் படாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். டேபிள் ஃபேனை அதற்கு நேராகத் திருப்பி வைத்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு கை வலித்தால் மறு கை. ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று. பக்கத்துக் கடைக்காரர் டீ வாங்கி வந்து வைத்தார், அதையும் ஒற்றைக் கையால்தான் குடித்தார். நான் பிடிக்கிறேன் என்றால் விடவில்லை. "நீங்க அழுத்திருவிய அண்ணாச்சி. இது பழகுன கை" என்றார்.

இந்த வித்தையெல்லாம் எங்கே படித்தீர்கள் தம்பி என்று கேட்டேன். வெள்ளத்தில்தான் என்றார். "அன்னைக்குக் கடைக்குள்ள தண்ணி ஏறி என் சாமானும் போச்சு, கஸ்டமர் போனும் போச்சு. பத்து நாள் கழிச்சு ஆளு ஆளா நனைஞ்ச போனத் தூக்கிட்டு வந்து நின்னாங்க. போன் போனாப் போட்டும், உள்ள இருக்க போட்டோவ மட்டும் எடுத்துத் தாங்கன்னாங்க. ஒரு அக்கா, செத்துப்போன அவங்க அப்பா பேசுன வாய்ஸ் மெசேஜ் இருக்குன்னு அழுதாங்க. எனக்கு அப்போ ஒண்ணுமே தெரியாது. திருப்பிக் கொடுத்து அனுப்பிட்டேன்." அதற்குப் பிறகுதான் மைக்ரோஸ்கோப் வாங்கினாராம். இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, லேப்டாப் திரையில் ஏறிக்கொண்டிருந்த சதவீதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரதி முடிந்தபோது ஊருக்குக் கடைசி பஸ் போயிருந்தது, எனக்கும் அவருக்கும். சால்டர் வைத்ததற்கு வழக்கமாக வாங்கும் கூலியை வாங்கிக்கொண்டார், அதற்கு மேல் ஒரு ரூபாய் வேண்டாம் என்றுவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒன்றுமே வாங்காமல் என்னைக் கூச்சப்பட வைக்கவும் இல்லை, அந்தக் கட்டைவிரலுக்கு விலை போடவும் இல்லை.

நேற்று மதுரையிலிருந்து மீண்ட கோப்பு வந்ததும் முதல் வேலையாக 17-ம் தேதி மழையை வரைபடமாக்கி அவருக்குத்தான் அனுப்பினேன். என் மழைமானி இருப்பது ஆழ்வார்திருநகரிப் பக்கம், உங்கள் ஜங்ஷனில் அதே நேரத்தில் அதே அளவு பெய்திருக்கும் என்று சொல்ல முடியாது என்று கூடவே எழுதினேன். "மேகம் ஒண்ணுதான அண்ணாச்சி" என்று பதில் வந்தது. அறிவியல் இதை ஒத்துக்கொள்ளாது, நானும் மறுத்து எழுதவில்லை.

நமக்குத் தெரியாதவர் நமக்காக ஒரு ராத்திரியைச் செலவழித்த பிறகு, அந்தத் தரவை என் பொருள் என்று பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொள்ள மனம் ஒப்பவில்லை. அதனால் இன்றிலிருந்து இப்படி: ஒவ்வொரு ராத்திரியும் கோப்பு தானாகவே இன்னும் இரண்டு இடத்துக்குப் பிரதியாகும், அதில் ஒன்று வேறு ஊரில். கருவிக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண மழைமானியையும் நட்டுவிட்டேன். காலை எட்டரைக்கு அளந்து நோட்டில் பேனாவால் எழுதப்போகிறேன். மீண்ட பதிவுகள் மாணவர்கள், விவசாயிகள், யார் கேட்டாலும் கிடைக்கும், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

எடுத்துக்கொள்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். என் கருவியில் இருப்பது கவிழும் வாளி, 0.2 மி.மீ.க்கு ஒரு தடவை சாயும். அடைமழையில் அது சாய்ந்து நிமிர்வதற்குள் விழும் நீர் கணக்கில் வராமல் போகும். ஆகவே அன்றைய உச்ச வேகம் நான் காட்டுவதைவிட அதிகமாகத்தான் இருந்திருக்கும்.

2022 கோடையில் சில வாரங்களும் 2024 அக்டோபரில் சில நாட்களும் மீளவே இல்லை. கோடையை இணையப் பிரதியை வைத்து ஓரளவு ஒட்டிவிடலாம். அக்டோபர்தான் இடிக்கிறது. ஏரல், ஸ்ரீவைகுண்டம் சுற்றுவட்டாரத்தில் யாராவது அந்த நாட்களில் அளந்து வைத்திருந்தால் அனுப்புங்கள். தண்ணீர் பாட்டிலை வெட்டி வைத்து அளந்த கணக்கானாலும் பரவாயில்லை, பாட்டிலின் வாய் அகலத்தை மட்டும் சேர்த்து எழுதிவிடுங்கள்.