கேட்காமலேயே விழும் சீனி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து சிங்கப்பூரில் உப்பு, சாஸ், சமையல் எண்ணெய், உடனடி நூடல்ஸ் பொட்டலங்களிலும், சத்துத் தரத்தை எழுத்தால் காட்டும் 'நியூட்ரி-கிரேட்' முத்திரை வரப்போகிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த முத்திரை எட்டாத ஓர் இடத்தில்தான் நான் நாள் முழுவதும் நிற்கிறேன். ஈசூனில், பல சாப்பாட்டுக் கடைகள் சேர்ந்த ஒரு காப்பிக் கடைக்குள் நானும் கணவரும் பானக் கடை நடத்துகிறோம்.

முத்திரையால் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு டின் பானங்களே பதில். 2022 டிசம்பர் 30 முதல் அவற்றுக்கு ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்தார்கள். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் டி. அந்தப் பானத்தை விற்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் விளம்பரம் செய்யக்கூடாது. டி வாங்க எந்த கம்பெனிக்குத்தான் மனம் வரும்? சட்டம் வருவதற்கு முன்பே சீனியைக் குறைக்கத் தொடங்கிவிட்டார்கள். 2017இல் இத்தகைய பானங்களில் சீனியின் இடைநிலை அளவு 7.1 விழுக்காடு, 2023இல் 4.6. குடிப்பவர் அந்த எழுத்தைப் பார்த்தாரோ இல்லையோ, அவர் உடம்புக்குள் போகும் சீனி குறைந்துவிட்டது. இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

கடையில் கலக்கித் தரும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் 30 முதல் இந்த விதி உண்டு. ஆனால் ஆண்டு வருமானம் ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டாத, பத்துக்கும் குறைவான கிளைகள் உள்ள சிறு கடைகளுக்கு விலக்கு. அந்த விலக்கு நியாயமானதே. எங்களிடம் ஒவ்வொரு பானத்துக்கும் கணக்கு கேட்டால் கடையைச் சாத்திவிட்டுப் போக வேண்டியதுதான். அதனால் குளிர்பெட்டியில் இருக்கும் டின்னில் எழுத்து இருக்கிறது, அதற்கு இந்தப் பக்கம் நான் ஆற்றும் தேநீரில் இல்லை.

அந்தக் குவளைக்குள் என்ன போகிறது என்று சொல்கிறேன். "அக்கா, ஒரு தே" என்பார்கள். தே என்றால் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். சீனியைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஒன்றும் சொல்லாவிட்டால் கெட்டிப்பால் முழு அளவு என்பது எல்லாப் பானக் கடைகளிலும் எழுதாத விதி. கெட்டிப்பாலில் கிட்டத்தட்ட பாதி சீனிதான். ஐஸ் போடச் சொன்னால் இன்னும் மோசம். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத்தான் தெரியும், ஐஸ் கரையக் கரையத் தண்ணீராகவும் ஆகிவிடும். அதனால் சூடான தேநீருக்கு ஊற்றுவதைவிட ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவதுதான் வழக்கம். குடிப்பவருக்கு இரண்டும் ஒரே இனிப்பாகத்தான் தெரியும். இனிப்பு குறைவாக வேண்டுபவர் 'சியூ தாய்' என்றும், சீனியே வேண்டாம் என்பவர் 'கோசோங்' என்றும் வாய் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்புறம் எங்கள் தலைக்கு மேலே தொங்கும் படப்பலகை. பண்டுங் (ரோஜா சர்பத் கலந்த பால்), மைலோ டைனோசர் (மேலே மைலோ தூள் தூவிய ஐஸ் மைலோ), தே ஐஸ் எல்லாம் பெரிய வண்ணப் படங்களாகப் பளபளக்கும். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்குப் படமே கிடையாது, மூலையில் சின்ன எழுத்து. பசியோடு வரிசையில் நிற்பவர் எதைப் பார்க்கிறாரோ அதைத்தான் கேட்பார். பரோட்டாவோடு தே சேர்த்து 'செட்' என்று விற்கும் கடைகளில் அந்தக் கேள்விகூட இல்லை. தட்டோடு இனிப்பும் வந்துவிடும்.

இரவு வேலை முடிந்து தினமும் வரும் காவலர் அண்ணன் ஒருவருக்கு நீரிழிவு. சோற்றைக் குறைக்கச் சொன்னார்களாம், குறைத்துவிட்டார். ஆனால் தூக்கம் வராமலிருக்க வேலை நேரம் முழுக்க அவர் குடிப்பது தே தாரிக், கெட்டிப்பால் ஊற்றி நுரைக்க ஆற்றிய தேநீர். "அது வெறும் தண்ணிதானே தங்கச்சி" என்றார். டின்னாக இருந்தால் எழுத்தைக் காட்டியிருப்பேன். என் கரண்டியைத்தான் காட்ட முடிந்தது. சிங்கப்பூரில் சீனர்களைவிட நம் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம். 2016இலேயே நீரிழிவுக்கு எதிரான போர் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. அப்படியிருக்க, நம்மவர்கள் ஒரு நாளில் அதிகமுறை கையில் எடுக்கும் குவளையை விட்டுவைக்கலாமா?

வியாபாரம் படுத்துவிடும் என்று கணவர் பயந்தார். கடைக்கு வாடகை கட்டுபவருக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். சரி என்று, கெட்டிப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்த்தோம். பெரும்பாலானோர் கவனிக்கவே இல்லை. இனிப்பு போதவில்லை என்ற சிலருக்கு அங்கேயே கூடுதலாக ஊற்றிக் கொடுத்தோம். யாரும் பக்கத்துக் கடைக்குப் போகவில்லை.

சுகாதார மேம்பாட்டு வாரியத்திடம் கேட்பது இதுதான். சிறு கடைகளுக்கு அபராதமும் வேண்டாம், ஆய்வுக்கூடமும் வேண்டாம். அளவு குறித்த ஒரு கரண்டியும், எந்தப் பானத்துக்கு எத்தனை கரண்டி என்று நான்கு மொழிகளிலும் அச்சிட்ட ஓர் அட்டையும் கொடுங்கள். ஒன்றும் சொல்லாமல் 'தே' என்று கேட்டால் சீனி குறைந்த தே என்பதைத் தீவு முழுவதும் வழக்கமாக்குங்கள். கூடுதல் இனிப்பு வேண்டுபவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். ஒரு கடை மட்டும் செய்தால் அந்தக் கடைக்காரருக்குத்தான் பயம், எல்லாரும் ஒரே நாளில் தொடங்கினால் யாருக்கும் நட்டமில்லை. படப்பலகையை மாற்றும் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொண்டால், கோசோங்குக்கும் ஒரு பெரிய படம் போட நாங்கள் தயார்.

இப்படிக்கு,
பானக் கடை நடத்தும் வாசகி,
ஈசூன்