மிக்ஸி ஜாரைக் கழுவிக் கொடுத்த அக்காவுக்கு

தாவர உணவுச் சமையல் வகுப்பு என்றாலே பாலுக்கும் க்ரீமுக்கும் முந்திரிதான். எனக்கோ முந்திரி, பாதாம் இரண்டுமே அலர்ஜி. ஊறிய முந்திரியைப் பார்த்ததும் மேசையிலிருந்து நைசாக நகர்ந்தேன்.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை, அக்கா. மிக்ஸி ஜாரை, மூடியின் ரப்பர் வளையத்தைக்கூடக் கழற்றி, சோப்புப் போட்டுத் தேய்த்தீர்கள். சூரியகாந்தி விதையை வெந்நீரில் ஊறப்போட்டு, எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைத்து என் பக்கம் நகர்த்தினீர்கள். (நிறம் கொஞ்சம் சாம்பல்தான், ருசியில் குறையில்லை.)

அப்புறம் மூலிகைக் களிம்பு செய்யும்போது எண்ணெய் பாட்டிலின் லேபிளைப் படித்தீர்களே, அதுதான் பெரிய விஷயம். பாதாம் எண்ணெய்! தோலில் தடவுவதுதானே என்று வேறு யாரும் யோசிக்கவில்லை. சத்தமில்லாமல் தேங்காய் எண்ணெயை எடுத்துக் கொடுத்தீர்கள்.

பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டீர்கள். இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள். ரொம்ப நன்றி, அக்கா.