வடக்குக் கரையை மட்டும் விட்டுவிடுங்கள்

எங்கள் ஏரியின் சீரமைப்புப் பணியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எந்த ஏரி, என்ன திட்டம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். தூர் வாரிச் சுற்றிலும் கல் பதிக்கும்போது வடக்குக் கரையை விட்டுவிடுங்கள் என்று மூன்று மனு கொடுத்தாயிற்று, மூன்றுக்கும் ரசீது வைத்திருக்கிறேன். அதனால் நேராகப் போன ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிடுகிறேன்.

ஞாயிறுதோறும் காலையில் தெருப் பிள்ளைகளோடு, உபரித் தண்ணீர் வழியும் கலங்கலில் தொடங்கி வடக்குக் கரை வழியாக மதகு வரை பறவை பார்த்துக்கொண்டே நடப்போம். பத்துப் பதினைந்து பேருக்கு மூன்று பைனாகுலர், அதற்கும் அடிதடி. போன ஞாயிறுக்கு இரண்டு வாரம் முன் வடக்கு மூலையில் சம்புப் புல்லுக்குள் ஒரு முக்குளிப்பான் கூட்டைக் கண்டுபிடித்தது நாலாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். மரத்தில் இருக்கிற மாதிரிக் கூடு இல்லை, பாசியும் அழுகின தண்டுமாகத் தண்ணீர்மேல் மிதக்கும் ஒரு குவியல். பறவை கூட்டை விட்டு இறங்கும்போது ஈரப் பாசியை இழுத்து முட்டைகளை மூடிவிட்டுப் போகும். அது மூடி முடிப்பதற்குள் நாலு முட்டை என்று எண்ணிவிட்டாள். பொரிய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும் என்று சொல்லிவைத்தேன். அன்றைக்கே நோட்டில் நாள் கணக்கு ஆரம்பம்.

பதினான்காம் நாள் போனால் அந்த மூலையே இல்லை. பொக்லைன் நிற்கிறது, சம்பு மொத்தமும் கரைமேல் குவிந்து கிடக்கிறது, கருங்கல் பதிக்க நூல் கட்டியிருக்கிறார்கள். இரண்டு முக்குளிப்பான்களும் நடுத்தண்ணீரில் முங்குவதும் எழுவதுமாக இருந்தன. ஓட்டுநரைக் கேட்டதற்கு, “குப்பையத்தான் சார் அள்ளினேன்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பார்க்கிறவர்களுக்குக் குப்பையாகத் தெரியவேண்டும் என்றுதானே அந்தப் பறவை மூடிவிட்டுப் போகிறது. ஆனால் அந்த மூலையில் அள்ளச் சொல்லி வரைபடத்தில் கோடு போட்டவர் ஒரு நாளாவது கரையில் வந்து நின்று பார்த்தாரா? அந்தப் பெண் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள், வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

தூர் வாருவதற்கு நாங்கள் எதிரி இல்லை. சித்திரையில் லாரித் தண்ணீருக்குக் குடம் தூக்கினவர்கள்தான் நாங்களும். ஆனால் ஏரி என்பது குளியல் தொட்டி இல்லை. நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டிக் கல்லைப் பதித்துவிட்டால் பொரி உள்ளான் என்கிற பறவை எங்கே நிற்கும்? அதற்குக் கணுக்கால் அளவுத் தண்ணீரும் சேறும் வேண்டும். வடக்கே இருந்து குளிருக்கு வரும் நீலச்சிறகி வாத்து தலையைக் கவிழ்த்து மேய்வதும் ஆழம் குறைந்த ஓரத்தில்தான். அந்த ஓரம் இந்த ஏரியில் மிச்சம் இருப்பது வடக்குக் கரையில் மட்டும். ஆழப்படுத்த வேண்டுமென்றால் நடுவில் ஆழப்படுத்துங்கள், வடக்குக் கரையை விட்டுவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பலகை. நுழைவாயிலில் ‘பறவைகளை நேசிப்போம்’ என்று எழுதிப் பக்கத்தில் பஞ்சவர்ணக்கிளி வரைந்திருக்கிறீர்கள். தென்னமெரிக்கக் காட்டுக் கிளி எங்கள் ஏரிக்கு எப்போது வரும் என்று சொன்னால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காத்திருப்போம். செல்ஃபி எடுக்க இடம் கட்டியாயிற்று, ராத்திரி முழுக்க எரிய விளக்கும் போட்டாயிற்று. வரத்துக் கால்வாயில் கலக்கும் சாக்கடையை மட்டும் திட்ட மதிப்பீட்டில் சேர்க்க இடமில்லையாம்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

வேடந்தாங்கல் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் போய் முறையிட, 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்க ஊர்க்காரர்களுக்கு உள்ள உரிமையை எழுத்தில் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியிடமே ஒரு காகிதம் கிடைத்திருக்கிறது. எங்களுக்கு இதுவரை கிடைத்தது ரசீது மட்டும்.

ஆகவே பணிவோடு கேட்கிறோம். வடக்குக் கரையில் கல் பதிக்கும் வேலையை நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் சம்பையும் கோரையையும் தொடாதீர்கள். வலசை வந்தவை திரும்பிப் போகும்வரை, குறைந்தது மார்ச் முடியும்வரை, அந்தப் பக்கம் இயந்திரம் இறங்காது என்று எழுத்தில் கொடுங்கள்.

வரும் ஞாயிறு நாங்கள் நடக்கிறோம், உங்களில் யாராவது ஒருவர் கூட வந்தால் நன்றாக இருக்கும், ஒரு பைனாகுலர் உங்களுக்கென்று எடுத்து வைக்கிறேன். கேட்டை ஏழு மணிக்குத்தான் திறக்கிறார்கள், அதற்குள் பாதிப் பறவை மேயப் போய்விடும். ஆறு மணிக்குத் திறக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஞாயிறு நடைக்கு வரும் பிள்ளைகள் சார்பாக, அவர்களோடு நடக்கும் ஒருவன்