'வரலாற்றில் இன்று' போடும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. நியூட்டன் பிறந்தநாள் கிறிஸ்துமஸா, ஜனவரி 4-ஆ? இரண்டும் சரிதான். அப்போது இங்கிலாந்தில் ஜூலியன் என்னும் பழைய நாட்காட்டி, அதன்படி 25.12.1642. இன்றைய கிரிகோரியன் கணக்கில் 4.1.1643. ஆண்டே மாறிவிடுகிறது, கவனியுங்கள்.

ஜூலியன் தேதியைக் கிரிகோரியனுக்கு மாற்றக் கூட்ட வேண்டியது: 1600-களில் 10 நாள், 1700-களில் 11, 1800-களில் 12, 1900-களில் 13. (நூற்றாண்டு மாறும் ஆண்டில் பிப்ரவரி முடியும்வரை பழைய எண்ணே.) ரஷ்யாவின் 'அக்டோபர்' புரட்சி நவம்பர் 7-க்கு வந்தது இப்படித்தான்.

எந்த நாடு என்றும் பாருங்கள்; ஒவ்வொரு நாடும் கிரிகோரியனுக்கு மாறிய நாள் வேறு. ஸ்பெயினில் 1582 அக்டோபர் 4-க்கு மறுநாள் 15. பிரிட்டனில் 1752 செப்டம்பர் 2-க்கு மறுநாள் 14; ஆகவே '1752 செப்டம்பர் 8, லண்டன்' என்று வரும் ஃபார்வர்டு கண்ணை மூடிக்கொண்டு நீக்கத் தக்கது. இங்கிலாந்தில் 1752-க்கு முன் புத்தாண்டே மார்ச் 25 என்பதால், 1649 ஜனவரி 30-இல் மன்னர் முதலாம் சார்லஸ் தலை வெட்டப்பட்டதை அக்கால ஆவணங்கள் 1648 என்கின்றன.

ஆனால் 'பிப்ரவரி 30' என்று பார்த்ததும் சிரித்துவிடாதீர்கள். கிரிகோரியனுக்கு மெல்ல மாற நினைத்து, 1700-இல் லீப் நாளைத் தவிர்த்துக் குழம்பிய ஸ்வீடன், ஜூலியனுக்கே திரும்ப 1712-இல் ஒரு நாளைக் கூட்டியது. அந்த ஆண்டு அங்கே பிப்ரவரி 30 உண்டு.

இனி 1752-க்கு முந்தைய ஐரோப்பியத் தேதிகளுக்கு, 'பழைய கணக்கு' (ஜூலியன்) அல்லது 'புதிய கணக்கு' (கிரிகோரியன்) என்று பக்கத்தில் எழுதிப் போடுங்கள். ரஷ்யா என்றால் 1918 பிப்ரவரிவரை இதே விதி.