போட் ஓட்ட ஒரு ஏரி, அதற்குக் கீழே நாங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கொடைக்கானல் மேல்மலையில் பூண்டும் கேரட்டும் போடுகிறவன் நான். எங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கும் தனியார் எஸ்டேட்டில், தங்க வருகிறவர்கள் பெடல் போட் ஓட்டவும் மீன் பிடிக்கவும் ஓடையை மறித்து மண் கரை போட்டுச் சின்னதாக ஒரு ஏரி கட்டியிருக்கிறார்கள். கொடைக்கானல் ஏரியே 1863-இல் லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து உண்டாக்கியதுதானே, அதனால் ஏரி இருப்பதை நான் குறை சொல்லவில்லை. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் வழியான கலிங்கைத்தான் சொல்கிறேன்.

கோடையில் போட் தரை தட்டுகிறதாம். அதற்காகக் கலிங்கு வாயில் பலகை வைத்து, மணல் மூட்டையும் அடுக்கி, தண்ணீரை முழங்கால் உயரம் ஏற்றினார்கள். கோடை போய்விட்டது, மூட்டை அப்படியே இருக்கிறது. மண் கரையில் உபரித் தண்ணீர் கலிங்கு வழியாகத்தான் போக வேண்டும், கரை மேலேறி வழிந்தால் சிமெண்ட் அணை மாதிரி தாங்காது, அரித்து அரித்துச் சில மணி நேரத்திலேயே உடைத்துக்கொள்ளும். போதாக்குறைக்குக் காட்டுமாடுகள் ஏறி இறங்கி ஒரு பக்கம் கரை தேய்ந்து பள்ளமாகக் கிடக்கிறது, வழிந்தால் முதலில் அங்கேதான்.

அப்புறம், கரை அடியில், பட்டுப்போன சீகை மரத்தின் வேருக்குப் பக்கத்தில் ரொம்ப நாளாகத் தண்ணீர் கசிகிறது. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும், தெளிவாக வந்தவரை நானும் கவலைப்படவில்லை. போன வார மழைக்குப் பிறகு வெள்ளை பெயிண்ட் வாளியில் பிடித்து வைத்தேன். காலையில் பார்த்தால் அடியில் விரல் நுனி அளவு செம்மண். கரைக்குள்ளிருந்து மண் போகிறது.

மேனேஜரிடம் சொன்னால், "அணைன்னு சொல்லாதீங்கண்ணே, இது குட்டை" என்கிறார். சட்டமும் அவருக்குத்தான் வசதி: 2021 அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், சில நிபந்தனைகளோடு 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றுக்கும்தான். இந்தக் கரை மூன்று ஆள் உயரம். சரி, குட்டை என்றே இருக்கட்டும், அதற்கு நேர் கீழே ஓடையோரம் 9 வீடுகளும் ஒரு அங்கன்வாடியும் இருக்கின்றனவே! 2019 ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அதில் கால்வாசி இங்கே பெய்தால் கலிங்கை அடைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

ஐப்பசி பிறப்பதற்குள் மூட்டைகளை எடுத்துத் தண்ணீரை இறக்கச் சொல்லுங்கள், நீர்வளத்துறைப் பொறியாளர் ஒருவர் வந்து கரையைப் பார்க்கட்டும். வாளியைக் கொட்டாமல் வைத்திருக்கிறேன், வருகிறவருக்குக் காட்ட.

இப்படிக்கு,
மேல்மலை விவசாயி ஒருவன்,
கொடைக்கானல் வட்டம்.