செக்கோடு முடியாத வ.உ.சி. கதை: வரலாற்று ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களே,

வணக்கம். வ.உ.சி. யார் என்று எந்தப் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் கப்பல் ஓட்டினார், செக்கு இழுத்தார் என்று பட்டெனச் சொல்லிவிடும். சரி, அப்புறம் என்ன ஆனார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். 1912 இறுதியில் சிறையை விட்டு வெளியே வந்தவர் 1936 நவம்பர் 18 வரை வாழ்ந்தார். இந்த நாட்டுக்காக அவர் இழந்ததில் பெரும்பகுதி அந்த 24 ஆண்டுகளில்தான் தெரிகிறது. அதையும் வகுப்பில் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே அவருக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார்; மொத்தம் 40 ஆண்டுகள். இந்த எண்ணைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிப்போனதை எத்தனை பேர் அறிவார்கள்? மேல்முறையீட்டில் அண்ணனின் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. தம்பிக்கு மேல்முறையீடு ஏது? அவர் கடைசிவரை தேறவே இல்லை.

வ.உ.சி. சிறையில் இருந்தபோதே சுதேசிக் கப்பல் கம்பெனி நொடித்துப்போனது. எந்த வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து காலியா கப்பலை ஓட்டினாரோ, அந்தக் கம்பெனிக்கே அது விற்கப்பட்டது. வெளியே வந்தவருக்கு வக்கீல் சன்னதும், அதாவது வக்கீல் தொழில் செய்வதற்கான உரிமமும், இல்லை. பத்து லட்சம் ரூபாய் மூலதனத்தில் கம்பெனி கண்டவர், மனைவி மீனாட்சி அம்மாளையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு சென்னையில் கடை போட்டுப் பார்த்தார். அதுவும் கைகொடுக்கவில்லை.

தென்னாப்பிரிக்காவில் இருந்த நம்மவர்கள் அவருக்கென்று பணம் திரட்டி காந்தியிடம் கொடுத்திருந்தார்கள். அது தொடர்பாக 1915-ல் இருவருக்கும் இடையே மாதக்கணக்கில் கடிதங்கள் போய்வந்தன. கடைசியில், 1916 தொடக்கத்தில் அவர் கைக்கு வந்தது 347 ரூபாய் 12 அணா. அந்தத் தொகைக்காக ஒரு கப்பல் கம்பெனியையே தொடங்கியவர் திரும்பத் திரும்பக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அவர் செக்கிழுத்ததை விடவும் இதைப் படிக்கும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது. செக்கிழுக்க வைத்தது அந்நிய அரசாங்கம். இந்த வறுமையில் அவரை விட்டது நாம்.

பறிபோன சன்னதைப் பின்னாளில் மீட்டுத்தர உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றியை மறக்காமல் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளையர் ஆட்சியால் எல்லாம் இழந்த ஒருவர், தன் வீட்டுப் பிள்ளையை ஒரு வெள்ளைக்காரரின் பெயரால் அழைத்தார்! அவர் மனம் எப்படிப்பட்டது என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்க இந்த ஒரு செய்தி போதும்.

கூடவே சிறை சென்ற சுப்பிரமணிய சிவாவையும் விட்டுவிடாதீர்கள். சிறையில் தொழுநோய் வாங்கிக்கொண்டு வந்தவர், அந்த உடம்போடே ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1925-ல் பாப்பாரப்பட்டியில் இறந்தபோது அவருக்கு வயது 40தான்.

உங்களுக்குப் பாடம் முடிக்கவே நேரம் போதாது என்பது எனக்குத் தெரியும். நான் தனி வகுப்பு கேட்கவில்லை. செக்குப் படத்தோடு பாடத்தை மூடாமல், இன்னும் பத்து நிமிடம் பேசுங்கள். மீனாட்சிசுந்தரம் என்ற பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள். சிறைக்குப் போனவரின் வீட்டில் அடுத்த மாதம் யார் சம்பாதித்திருப்பார்கள் என்று கேளுங்கள். பிள்ளைகளே யோசித்துச் சொல்லட்டும்.

ஆசிரியர் தினமான செப்டம்பர் 5தான் வ.உ.சி. பிறந்த நாளும். வரும் செப்டம்பர் 5-லேயே இதைத் தொடங்கலாமே.

அன்புடன்,
உங்கள் வகுப்புகளை நம்பியிருக்கும் ஒரு வாசகர்